பஞ்சுவும் ஒரு இரும்புச் சீப்பும்

வகுப்பில் இதுவரை ஏழு பேர் கேட்டுவிட்டார்கள். "மச்சி, பெர்ஷியன் பூனை வாங்கலாம்னு இருக்கேன், எப்படிடா இருக்கும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கேன்டீனில் வகுப்பெடுத்து என் டீ ஆறிப்போனதுதான் மிச்சம். அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிடுகிறேன். இனிமேல் யாராவது கேட்டால் இதைப் படிக்கச் சொல்லிவிட்டு நான் நிம்மதியாக டீ குடிக்கலாம் :-)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கால்நடை டாக்டர் இல்லை. பி.காம். மூன்றாம் வருடம். எனக்குத் தெரிந்த பூனை மொத்தம் ஒன்றே ஒன்று. அதன் பெயர் பஞ்சு.

கொசுவத்தியைக் கொஞ்சம் சுற்றுகிறேன். 2023 ஜூன் மாதம் அப்பாவின் ஆபீஸ் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு துபாய் கிளம்பினார். ஃப்ரிட்ஜ், வாஷிங்மெஷின் எல்லாம் விற்றாகிவிட்டது. ஒன்றரை வயசுப் பூனை மட்டும் பாக்கி. "ஒரு மாசம் வெச்சிருங்க சார், ஆள் பார்த்துக் குடுத்துடலாம்" என்று ஒரு கூடையோடு வந்து இறக்கிவிட்டுப் போனார். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை. அவர்கள் வைத்திருந்த பெயர் பிரின்சஸ். எங்கள் பாட்டிக்கு அது வாயில் நுழையவில்லை. கூடையைத் திறந்ததும் வெள்ளையாக ஒரு மூட்டை வெளியே வந்தது. "என்னடா இது, தலையணை பிஞ்சு போன மாதிரி" என்றார். அன்றிலிருந்து பஞ்சு.

குணத்தைப் பற்றிச் சொல்லவேண்டுமென்றால், எங்கள் கணக்குப் பாடத்தில் உறங்கும் கூட்டாளி என்று ஒருவர் வருவார். முதல் போடுவார், லாபத்தில் பங்கு வாங்குவார், கடைப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார். பஞ்சு முதலும் போடாத உறங்கும் கூட்டாளி. நாட்டுப் பூனை மாதிரி பரண் மேல் ஏறுவது, ஜன்னல் வழியே குதிப்பது எதுவும் கிடையாது. கால் குட்டை, உடம்பு உருண்டை, குதிப்பதில் பெரிய ஆர்வமும் இல்லை. அதிகபட்ச உயரம் டிவி ஸ்டாண்ட். குரலும் சின்னது. பசித்தால் கதவு கிறீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். கொஞ்சினால் வாங்கிக்கொள்வாள். ஆனால் மடியில் வந்து உட்காரமாட்டாள், ஒரு முழம் தள்ளித்தான் உட்காருவாள். வீட்டில் சண்டை என்றால் மட்டும் எழுந்து கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். இந்த இனத்துக்குச் சத்தமில்லாத, தினமும் ஒரே மாதிரி ஓடுகிற வீடுதான் பிடிக்கும் என்று சொல்வார்கள். எங்கள் வீடு அப்படிப்பட்டதில்லை. இருந்தாலும் சமாளிக்கிறாள்.

பெர்ஷியன் என்றால் ஈரானிலிருந்து வந்ததா என்று கேட்பீர்கள். பியெத்ரோ தெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி 1620 வாக்கில் பாரசீகத்தில் நீளமுடிப் பூனைகளைப் பார்த்து அசந்துபோய் எழுதியிருக்கிறார். அப்புறம் இங்கிலாந்தில் பிரபலமாகி, 1871இல் லண்டன் கிறிஸ்டல் பேலஸில் நடந்த பூனைக் கண்காட்சியிலேயே பெர்ஷியன்கள் இடம் பிடித்துவிட்டன. தமாஷ் என்னவென்றால், 2008இல் வெளியான ஒரு மரபணு ஆய்வில் இன்றைய பெர்ஷியன் பூனைகளின் டி.என்.ஏ. மேற்கு ஐரோப்பியப் பூனைகளோடுதான் ஒத்துப்போனது. பாரசீகம் பெயரோடு சரி. நூற்றைம்பது வருடமாக மனிதன் பார்த்துப் பார்த்து ஜோடி சேர்த்து உண்டாக்கிய உருவம் இது. முடி நீளமாக வேண்டும், இன்னும் நீளமாக வேண்டும், முகம் தட்டையாக வேண்டும், இன்னும் தட்டையாக வேண்டும் என்று. கேட்டதெல்லாம் கிடைத்தது. பில் மட்டும் பூனைக்குப் போயிற்று.

முடியில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நான் மாட்டியது அங்கேதான்.

பூனை தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும், நமக்கு வேலை இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பூனை நாக்கைத் தொட்டால் உப்புத்தாள் மாதிரி இருக்கும். அதில் வரிசையாகக் குட்டி முட்கள். முள்ளின் நுனி குழிவாக இருப்பதால் எச்சிலை உறிஞ்சி வைத்துக்கொண்டு முடிக்குள் ஆழமாகக் கொண்டு போய்ச் சேர்க்கிறது. 2018இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். சாதாரண வீட்டுப் பூனை நாக்கால் அழுத்தி நக்கும்போது அந்த முள் தோல்வரை எட்டுகிறது. பெர்ஷியனின் முடிக்கு மட்டும் எட்டவில்லை. அதாவது தன் முடியைத் தானே பராமரிக்க முடியாத உடம்போடுதான் இந்தப் பூனை பிறக்கிறது. எட்டாத அந்தக் கொஞ்சதூரத்துக்கு ஒரு மனிதக் கை வேண்டும். தினமும். இது எனக்கு லேட்டாகத்தான் தெரிந்தது.

2023 நவம்பர். செமஸ்டர் நேரம். வெளியே மழை, துணியே காயவில்லை. அதுவரை ஒருநாள் விட்டு ஒருநாள் சீவிக்கொண்டிருந்த நான், "பரீட்சை முடியட்டும்" என்று சீப்பை அலமாரியில் போட்டேன். மூன்று வாரம். மேலாகப் பார்த்தால் முதுகெல்லாம் பளபளவென்றுதான் இருந்தது. கடைசிப் பரீட்சை முடிந்த அன்று தூக்கினேன். கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. அக்குளில் கைவைத்தால் கல் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. வயிற்றுப் பக்கம் முடி மொத்தமும் கம்பளித் துண்டாக இறுகியிருந்தது.

பாட்டி உடனே களத்தில் இறங்கினார். "சிக்கு விழுந்தா எண்ணெய் வெச்சுத்தான் எடுக்கணும். உங்கம்மா தலைக்கு நான் எடுக்காத சிக்கா?" நான் அறைக்குள் போய்ச் சீப்பைத் தேடி எடுத்து வருவதற்குள் அரை கிண்ணம் தேங்காய் எண்ணெய் பஞ்சுவின் வயிற்றில் இறங்கிவிட்டது. அப்புறம் அதைக் கழுவுகிறேன் என்று நான் தண்ணீர் ஊற்றினேன். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். சிக்கு விழுந்த முடியில் தண்ணீர் பட்டால் இன்னும் இறுகும், சீவி முடித்த பிறகுதான் குளிப்பாட்டவேண்டும் என்கிற அடிப்படைப் பாடம் எனக்கு அன்று தெரியாது. கடைசியில் தங்கச்சி கத்தரிக்கோலோடு வந்தாள். நல்லவேளை, அம்மா பிடுங்கி வைத்துவிட்டார். பூனைத் தோல் மெல்லிசு. சடையைப் பிடித்து இழுத்தால் தோலும் கூடவே கூடாரம் மாதிரி எழும்பி வரும். முடியை வெட்டுகிறோம் என்று நினைத்துத் தோலை வெட்டிவிட்டு ஓடிவருகிறவர்கள் நிறைய என்று மறுநாள் டாக்டர் சொன்னார்.

மறுநாள் மயக்க ஊசி போட்டு மெஷினால் வழித்தெடுத்தார்கள். அந்தச் சடைக்கு அடியில் தோல் சிவந்து, இரண்டு இடத்தில் ஈரப் புண்ணாக இருந்தது. டாக்டர் அம்மா என்னைத் திட்டவில்லை. ஒரு விஷயம் மட்டும் சொன்னார். "தம்பி, உன் தலைமுடியை யாராவது கொத்தாப் பிடிச்சிக்கிட்டு, நீ ஒவ்வொரு அடி வெக்கிறப்பவும் இழுத்தா எப்படி இருக்கும்? மூணு வாரமா இது அப்படித்தான் நடந்திருக்கு." கையில் தூக்கிக்கொண்டு வந்தேன். தோல் உரித்த கோழி மாதிரி இருந்தாள். நான் நினைத்ததில் பாதி அளவுகூட உடம்பு இல்லை, மீதி எல்லாம் முடி. ஆட்டோவில் வரும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. (பூனை அப்படியெல்லாம் கோபித்துக்கொள்ளாது என்று நீங்கள் சொல்லலாம். நீங்கள் அந்த ஆட்டோவில் இல்லை.) பழைய முடி வர ஏழெட்டு மாதம் ஆயிற்று.

இப்போது வழக்கம் என்னவென்றால், தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம். அகலப் பல் வைத்த இரும்புச் சீப்பு ஒன்று, நெருக்கப் பல் ஒன்று. முதுகை யார் வேண்டுமானாலும் சீவலாம், அது சும்மா சினிமா காட்டுகிற வேலை. அக்குள், காதுக்குப் பின்னால், வயிறு, தொடைக்கு நடுவில், வால் அடி, இந்த ஐந்து இடம்தான் முக்கியம். முடியைக் கையால் விலக்கித் தோல் தெரிகிற மாதிரி பிரித்து, நுனியிலிருந்து ஆரம்பித்து மெல்ல மேலே வரவேண்டும். சின்னச் சிக்கு என்றால் கொஞ்சம் சோளமாவைத் தூவி விரலால் பிரித்தால் வந்துவிடும். எண்ணெய் கூடாது பாட்டி! சீவும்போது வருகிற முடி எல்லாம் அவள் நக்கி விழுங்காத முடி. அப்படி விழுங்கியதுதான் வயிற்றில் உருண்டையாகி வாந்தியாக வரும். பின்பக்கத்து முடியை மட்டும் நாங்களே குட்டையாக ட்ரிம்மரில் எடுத்துவிடுகிறோம். ஏன் என்று அடுத்த பத்தியில் புரியும். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் அந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

பாட்டியின் பார்வையில் பூனை என்றால் பால்சோறு. நாங்கள் காலேஜுக்குப் போனதும் ரகசியமாக ஒரு கிண்ணம் நடக்கும். பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குப் பாலில் இருக்கும் சர்க்கரை செரிக்காது. வயிற்றால் போகும். குட்டைமுடிப் பூனை என்றால் துடைத்துவிட்டுப் போகலாம். நீளமுடிப் பூனைக்கு வயிற்றால் போனால்... சரி, விடுங்கள். பாலை நிறுத்த வைத்தது என் அறிவுரை அல்ல, அந்த ஒரு நாள் பாட்டியே கழுவ நேர்ந்ததுதான். சோறு விஷயமும் அப்படித்தான். பூனை முழுக்க முழுக்க மாமிசப் பிராணி. டாரின் என்று ஒரு சத்து, அதைத் தேவையான அளவுக்குப் பூனை உடம்பு தானாகத் தயாரிக்காது. இறைச்சியிலிருந்துதான் வரவேண்டும். அது இல்லாமல் வருடக்கணக்கில் தயிர்சாதம் போட்டு வளர்த்தால் கண் போகும், இதயத் தசை தளரும். எங்கள் வீட்டில் பூனைக்கான உணவோடு உப்பில்லாமல் வேகவைத்த கோழி. குழம்பில் இருந்து எடுத்துப் போடக்கூடாது, வெங்காயமும் பூண்டும் அவற்றின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். இன்னொன்று, இது விளையாட்டில்லை: காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். நமக்குத் தலைவலிக்குப் போடும் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். எங்கள் வீட்டில் அது நடக்காமல் தப்பியது அரை நிமிட வித்தியாசத்தில். பாட்டி மாத்திரையை உடைத்துக் கையில் வைத்திருந்தார்.

முகம் தட்டை என்பதால் கண்ணீர் போகிற பாதை வளைந்து அடைபடும். அதனால் எந்நேரமும் கண் ஓரம் ஈரம், பழுப்புக் கறை. காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைக்கவேண்டும். (பஞ்சுவுக்குப் பஞ்சு, அப்பாவின் தினசரி ஜோக்.) மூக்கும் குட்டை, மூச்சும் சிரமம், மேலே கம்பளி, வெளியே சென்னை மே மாதம். எங்கள் வீட்டில் ஏ.சி. கிடையாது. மதியம் பாத்ரூம் தரையில்தான் படுத்திருப்பாள். ஈரத் துண்டு, மின்விசிறி, நான்கு இடத்தில் தண்ணீர். பூனை நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது களைப்பில்லை, ஆபத்து. உடனே டாக்டர். கடைகளில் 'பஞ்ச் ஃபேஸ்' என்று சொல்லி மூக்கே இல்லாத குட்டிக்கு அதிக விலை சொல்வார்கள். அந்தக் கூடுதல் காசு கொடுத்து நீங்கள் வாங்குவது மூச்சுத் திணறலைத்தான். கொஞ்சம் மூக்கு தெரிகிற குட்டியாகப் பாருங்கள்.

இனி வருவதுதான் நான் யாரிடமும் முழுசாகச் சொல்லாதது.

போன வருடம் மேல்மாடி அண்ணன் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். அவரிடம் ஆண் பெர்ஷியன் இருக்கிறது. "தம்பி, உன்னோடதையும் என்னோடதையும் சேர்த்து விட்டா நாலு குட்டி. ஒண்ணு எனக்கு, மூணு உனக்கு. குட்டி பத்தாயிரத்துக்குக் கண்ணை மூடிக்கிட்டுப் போகும்." நான் அன்றைக்கே நோட்டில் அடக்க விலைத்தாள் போட்டுவிட்டேன். வரவு முப்பதாயிரம். சாப்பாடு, தடுப்பூசி, டாக்டர் செலவு எட்டாயிரம். நிகர லாபம் இருபத்திரண்டாயிரம். சி.ஏ. இன்டர் கோச்சிங் முதல் தவணைக்கு அப்பா யாரிடமோ கைமாற்று கேட்டுக்கொண்டிருந்த சமயம் அது. அப்பாவிடம் அந்தத் தாளைக் காட்டியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

சேர்ப்பதற்கு முன் ஒரு செக்கப் என்று போனோம். டாக்டர் அம்மா, "பெர்ஷியன்தானே, கிட்னி ஒரு ஸ்கேன் பார்த்துடலாம்" என்றார். வயிற்றில் ஜெல் தடவித் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். கறுப்பாகக் குட்டிக் குட்டி வட்டங்கள். இடது சிறுநீரகத்தில் நான்கு, வலதில் இரண்டு. நீர்க்கட்டிகள்.

பி.கே.டி. என்கிறார்கள். பிறவியிலேயே இருக்கும், மெல்ல மெல்ல வளரும், ஒரு கட்டத்தில் சிறுநீரகம் வேலை செய்வதைக் குறைத்துக்கொள்ளும். பெரும்பாலும் ஏழு வயசை ஒட்டித்தான் வெளியே தெரிய ஆரம்பிக்கும். சில பூனைகள் கடைசிவரை சமாளித்துவிடுவதும் உண்டு. குணமாக்க மருந்து இல்லை. காரணமான மரபணுப் பிழையை 2004இல் கண்டுபிடித்தார்கள். ஒரு காலத்தில் உலகத்தில் இருந்த பெர்ஷியன்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் இது இருந்திருக்கிறது. தாய், தகப்பன் இரண்டில் ஒன்றுக்கு இருந்தாலே போதும், குட்டிக்கு வர சரிபாதி வாய்ப்பு. நான் பரீட்சைக்குப் படித்த நிகழ்தகவு அப்போதுதான் முதல்முறை உபயோகப்பட்டது. நான்கு குட்டியில் ஒன்றுக்காவது வருவதற்கான வாய்ப்பு பதினாறில் பதினைந்து.

மேல்மாடி அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "வாங்குறவனுக்கு எங்கடா தெரியப்போவுது? ஏழு வருஷம் கழிச்சுத்தானே. அதுவரைக்கும் நல்லாத்தானே இருக்கும்?"

1930ஆம் வருடச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் கேவியட் எம்ப்டர் என்று ஒரு தத்துவம் படித்திருப்பீர்கள். வாங்குகிறவன்தான் பார்த்து வாங்கவேண்டும், விற்கிறவன் பொறுப்பல்ல. விதிவிலக்குகளோடு பத்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன், ஒன்பது வந்தது. அன்று இரவு அந்த விதிவிலக்குகளில் எங்காவது எனக்கு ஓட்டை இருக்கிறதா என்று மனசுக்குள் தேடினேன். பொய் சொல்லப் போவதில்லை, தேடினேன். இருபத்திரண்டாயிரம் எங்கள் வீட்டுக்குச் சின்னப் பணம் இல்லை. தங்கச்சி மாதிரி ஒரு வாண்டு எங்கேயோ ஒரு வீட்டில் அந்தக் குட்டிக்குப் பெயர் வைத்து, ஏழு வருடம் சீவிவிட்டு, அப்புறம் ஒருநாள் அது தண்ணீராகக் குடித்து, இளைத்து, சாப்பாட்டைத் தொடாமல் மூலையில் போய் உட்காருவதைப் பார்க்கும். அந்தக் காட்சியை நினைத்துக்கொண்டே எவ்வளவு நேரம் கணக்குப் போடமுடியும்?

காலையில் அப்பாதான் ஆரம்பித்தார். "அந்த நோட்டுத்தாளைக் கிழிச்சுப் போட்டுடு. கைமாற்று கிடைச்சிடுச்சு." உண்மையில் கிடைத்தது அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் என்று அம்மா பிறகு சொன்னார்.

ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் அப்போதைக்குச் சரியாக இருந்ததால் பஞ்சுவுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டோம். மேல்மாடி அண்ணன் இப்போது படிக்கட்டில் பார்த்தால் பேசுவதில்லை. அவருடைய பூனைக்கு வேறு ஜோடி கிடைத்துவிட்டது. ஸ்கேன் எடுக்கச் சொன்னேன், எடுக்கவில்லை. போன மாதம் அந்தக் குட்டிகள் மூன்றும் விற்றுப்போயின. இறங்கிப் போகும்போது அட்டைப்பெட்டியில் பார்த்தேன், அத்தனை அழகு.

ஆகவே வாங்கலாமா என்று கேட்கிற ஏழு பேருக்கும்: குட்டியைப் பார்க்கப் போகும்போது தாய், தகப்பன் இரண்டுக்கும் பி.கே.டி. பரிசோதனை ரிப்போர்ட் கேளுங்கள். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் ஒற்றியெடுத்தாலே டி.என்.ஏ. பரிசோதனை செய்யலாம். "அதெல்லாம் எதுக்கு தம்பி" என்று பதில் வந்தால் கிளம்பிவிடுங்கள். வளர்ந்த பூனையைக் கைவிடுகிறவர்கள் ஊரில் நிறைய, பாதி பேர் இந்த முடிக்குப் பயந்துதான். அப்படி ஒன்று கிடைத்தால் முதலில் ஒரு ஸ்கேன். வாங்கும் விலை ஒருமுறைதான், அது மூலதனச் செலவு. வருவாயினச் செலவு எங்கள் வீட்டில் மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம், தினம் பதினைந்து நிமிடம். பரீட்சை நாளிலும்.

இப்போது அவளுக்கு உலர் உணவைக் குறைத்து ஈர உணவு, கோழி வேகவைத்த தண்ணீர். சிறுநீரகத்துக்குத் தண்ணீர் நிறையப் போகவேண்டுமாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. எடை குறைகிறதா என்று பார்ப்பது அப்பாவின் டிபார்ட்மென்ட். மாதம் முதல் தேதி பாட்டியின் காய்கறிக் கூடையில் உட்கார வைத்து, கொக்கித் தராசில் மாட்டித் தூக்கி, காலண்டர் தாளில் பேனாவால் எழுதி வைப்பார். இந்த மாதம் 3 கிலோ 700 கிராம். போன மாதமும் அதேதான்.